புது டார்கெட் பிஸ்டல்: பெட்டியைத் திறக்கும் நாளிலிருந்து முதல் 60 ஷாட் வரை

காலியான பிஸ்டலைக் கையில் பிடித்துக்கொண்டு, டார்கெட்டைப் பார்த்து நின்று, கண்ணை மூடுங்கள். மூடியபடியே கையை உயர்த்தி, டார்கெட் இருக்கும் என்று தோன்றும் உயரத்தில் நிறுத்துங்கள். மனசுக்குள் மூன்று எண்ணிவிட்டுக் கண்ணைத் திறங்கள். பின் சைட்டின் (கண் பக்கமுள்ள குறிபார்க்கும் தகட்டின்) பள்ளத்துக்குள் முன் சைட் (குழல் முனையிலுள்ள குறிபார்க்கும் முனை) நட்டநடுவே நிற்கிறதா? இரண்டின் மேல்விளிம்பும் ஒரே கோட்டில் இருக்கிறதா? இருந்தால் அந்தப் பிஸ்டல் உங்கள் கைக்கு வந்துவிட்டது. பெட்டியிலிருந்து எடுத்த அன்றே அப்படி நின்ற பிஸ்டல் எனக்கு இதுவரை வாய்த்ததில்லை.

புதுப் பிஸ்டல் வாங்கியவர்கள் பெரும்பாலும் முதல் நாளே ஸ்கோர் எண்ண ஆரம்பிக்கிறார்கள். ரேஞ்சின் (சுடும் பயிற்சிக்கூடத்தின்) பழைய பிஸ்டலில் வந்ததைவிடக் குறைந்தால் மனசு உடைந்து சைட்டைத் திருகத் தொடங்குகிறார்கள். நானும் அப்படித்தான் முதல் மூன்று வாரங்களை வீணடித்தேன். முதல் மாதத்தில் பார்க்க வேண்டியது இந்தக் கண்மூடிச் சோதனையின் பலனை மட்டும்தான். கிரிப் (கைப்பிடி), ட்ரிகர், நிற்கும் முறை எல்லாமே அதை நோக்கித்தான் போகின்றன. கீழே எழுதியிருப்பதும் அந்த வரிசையில்தான்.

எந்தப் பிஸ்டல்

இங்கே நான் பேசுவது 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பற்றி. 4.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள பெல்லட்டை (சிறு ஈயக் குண்டை) அழுத்தப்பட்ட காற்றால் தள்ளும், ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஷாட் சுடும் துப்பாக்கி. 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஆண்கள், பெண்கள் இருவருக்கும் இந்தப் போட்டி சேர்ந்தது. சர்வதேச விதிப்படி பிஸ்டலின் எடை 1,500 கிராமைத் தாண்டக்கூடாது. 420 மில்லிமீட்டர் நீளம், 200 உயரம், 50 அகலம் உள்ள ஒரு பெட்டிக்குள் முழுதாக அடங்க வேண்டும். ட்ரிகர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். போட்டிக்கென்றே தயாரிக்கும் ஸ்டெயர், மோரினி, வால்தர், ஃபெயின்வெர்க்பாவ், பார்தினி போன்ற நிறுவனங்களின் மாடல்கள் இந்த அளவுகளுக்குள்தான் வரும்.

காற்று தரும் முறை இரண்டு. ஒவ்வொரு ஷாட்டுக்கும் நெம்புகோலை ஒருமுறை இழுத்துக் காற்றை அடைக்கும் வகை ஒன்று. எளிமையானது, சிலிண்டர் தொல்லை இல்லை. ஆனால் 60 முறை இழுத்தால் தோள் களைத்துப்போகும். முன்கூட்டியே நிரப்பிய சிலிண்டரில் இயங்கும் பிசிபி வகை மற்றொன்று. தொடர்ந்து போட்டிக்குப் போக நினைத்தால் இதுதான் வசதி. எந்த மாடல் என்று கேட்டால் நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: உங்கள் கை அளவுக்கு எதில் கிரிப் கிடைக்கிறதோ, பழுதானால் உதிரிபாகம் எதற்கு எளிதில் கிடைக்கிறதோ, அதை வாங்குங்கள். நல்ல டார்கெட் பிஸ்டல்களின் குழல்கள் எல்லாமே உங்களையும் என்னையும்விடத் துல்லியமானவை.

வாங்கும் முன், தொடும் முன்

ஏர் பிஸ்டலுக்கு உரிமம் தேவையா, வயது வரம்பு என்ன, வீட்டில் வைக்கலாமா, எப்படி எடுத்துச் செல்ல வேண்டும் என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். இருக்கும் இடத்தின் சட்டத்தை ரேஞ்ச் நிர்வாகத்திடமும் அதற்கான அரசு அலுவலகத்திடமும் நேரில் கேட்டு உறுதி செய்த பிறகே பணம் கட்டுங்கள். ரசீதும் வரிசை எண்ணும் பிஸ்டலோடு எப்போதும் இருக்கட்டும்.

காற்றுத் துப்பாக்கிதானே என்ற அலட்சியம் வேண்டாம். வினாடிக்குச் சுமார் 150 மீட்டர் வேகத்தில் வரும் ஈயத் துண்டு கண்ணை நிரந்தரமாகப் பறித்துவிடும். எந்தப் பிஸ்டலும் லோட் ஆகியிருப்பதாகவே எண்ண வேண்டும். குழலின் வாய் எப்போதும் டார்கெட் பக்கமே இருக்க வேண்டும். சுட முடிவெடுக்கும் வரை விரல் ட்ரிகருக்கு வெளியே இருக்க வேண்டும். சுடாத நேரமெல்லாம் குழல் காலி என்று காட்டும், பளிச்சென்ற நிறமுள்ள சேஃப்டி ஃப்ளாக்கைக் குழலுக்குள் போட்டிருக்க வேண்டும். வீட்டில் பிஸ்டல் பூட்டிய பெட்டியில், பெல்லட் வேறொரு பூட்டில். யாராவது பார்க்கக் கேட்டால் முதலில் திறந்து காட்டி, காலி என்று இருவரும் கண்ணால் பார்த்த பிறகே கை மாற வேண்டும். எத்தனை வருடம் சுட்டவராக இருந்தாலும் இதில் சலுகை கிடையாது.

பெட்டியைத் திறந்த அன்று

அன்று சுட வேண்டாம். கையேட்டை ஒருமுறை முழுதாகப் படியுங்கள். பிறகு பிஸ்டலின் நான்கு பக்கங்களையும், ஒவ்வொரு திருகின் நிலையையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிரிப்பின் கோணம், பாம் ஷெல்ஃபின் (உள்ளங்கைக்கு அடியில் வரும் தட்டின்) உயரம், ட்ரிகர் பிளேடின் (விரல் அழுத்தும் தகட்டின்) இடம், பின் சைட்டின் நிலை எல்லாம் அதில் தெரிய வேண்டும். இரண்டு மாதம் கழித்துத் திருகித் திருகி வழி தவறிப்போனால், தொடங்கிய இடத்துக்குத் திரும்ப இந்தப் படங்கள்தான் உதவும்.

பல போட்டிப் பிஸ்டல்களோடு தொழிற்சாலையில் சுட்ட சோதனை அட்டை ஒன்று வரும். ஐந்து பெல்லட்டும் ஒரே ஓட்டை போல விழுந்திருக்கும். அதைத் தூக்கிப் போடாதீர்கள். மோசமான ஒரு நாளில் "பிஸ்டல்தான் சரியில்லை" என்று தோன்றும்போது எடுத்துப் பார்க்கலாம்.

சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். தயாரிப்பாளர் கொடுத்த ஆயுள், பொதுவாகப் பத்து வருடம், முடிந்த சிலிண்டரைப் போட்டியில் பயன்படுத்தக்கூடாது. அதைக் கவனிப்பது சுடுபவரின் பொறுப்பு. பழைய பிஸ்டல் வாங்குபவர்கள் முதலில் இந்தத் தேதியைத்தான் பார்க்க வேண்டும்.

காற்று நிரப்புதல்

பெரும்பாலான மாடல்களில் சிலிண்டரின் உச்ச அழுத்தம் 200 பார். கையேட்டில் என்ன இருக்கிறதோ அதுவே எல்லை. அதற்கு மேல் ஒரு கோடு கூடப் போகக்கூடாது. மெதுவாக நிரப்புங்கள். வேகமாக நிரப்பினால் காற்று சூடாகி அழுத்தமானி உயர்ந்து காட்டும், ஆறியதும் அழுத்தம் இறங்கிவிடும். சுத்தமான, ஈரமில்லாத காற்று மட்டும். ஆக்ஸிஜன் சிலிண்டரிலிருந்து ஒருபோதும் நிரப்பாதீர்கள். அந்த அழுத்தத்தில் ஆக்ஸிஜன் எண்ணெய்ப் பசையைத் தொட்டால் வெடிக்கும். அதே காரணத்தால் இணைப்புகளில் கண்ட எண்ணெயையும் பூசக்கூடாது.

சிலிண்டரைக் கையால் மட்டும் இறுக்குங்கள், கருவி வேண்டாம். அடைப்பு வேலையைச் செய்வது உள்ளே இருக்கும் ரப்பர் வளையம், உங்கள் பலம் அல்ல. அழுத்தம் எவ்வளவு இறங்கும் வரை வேகம் மாறாமல் இருக்கும் என்பதும் கையேட்டில் இருக்கும். அந்த அளவுக்குக் கீழே போனால் பெல்லட்டுகள் காரணமே தெரியாமல் கீழே இறங்கத் தொடங்கும். பயிற்சி முடிந்ததும் மானியைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் இந்தக் குழப்பம் இல்லை.

கிரிப்: இங்கேதான் நேரம் செலவாக வேண்டும்

டார்கெட் பிஸ்டலின் மரக் கைப்பிடி உங்கள் கையின் அச்சு போல இருக்க வேண்டும். அளவுகள் சிறியது, நடுத்தரம், பெரியது என்று வரும். சந்தேகமாக இருந்தால் கொஞ்சம் இறுக்கமானதையே எடுங்கள். மரத்தைத் தேய்த்துக் குறைப்பது எளிது. பெரிய கிரிப்பை நிரப்பிச் சிறிதாக்குவது பெரிய வேலை.

வலது கைக்காரர் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். பிஸ்டலை நேராக வலது கையால் எடுக்காதீர்கள். இடது கையால் குழல் பக்கம் பிடித்து, வலது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையிலுள்ள வளைவில் பின்னாலிருந்து ஆழமாகச் செருகுங்கள். கை எவ்வளவு மேலே போக முடியுமோ அவ்வளவு மேலே. பிறகுதான் விரல்களைச் சுற்ற வேண்டும். நடுவிரலும் மோதிர விரலும்தான் பிஸ்டலைப் பிடிப்பவை. அவை நேராகப் பின்னோக்கி அழுத்த வேண்டும். சுண்டுவிரல் சும்மா கூட இருக்கும். கட்டைவிரல் அதற்கான பள்ளத்தில் ஓய்வாகப் படுத்திருக்கும். ஆள்காட்டி விரல் மரத்தை எங்குமே தொடக்கூடாது. தொட்டால் ட்ரிகரை இழுக்கும்போதெல்லாம் அது குழலையும் பக்கவாட்டில் தள்ளும்.

அடியில் இருக்கும் பாம் ஷெல்ஃபைக் கடைசியாகச் சரிசெய்யுங்கள். உள்ளங்கையின் கீழ்விளிம்பை அது தொட்டால் போதும், நெருக்கக் கூடாது. நெருக்கிப் பிடித்தால் முதல் பத்து ஷாட் அருமையாக இருக்கும். ரத்த ஓட்டம் குறைந்து கை நடுங்கத் தொடங்குவது இருபதாவது ஷாட்டுக்குப் பிறகுதான் தெரியும். விதியிலும் கட்டுப்பாடு உண்டு: ஷெல்ஃப் கிரிப்புக்கு 90 டிகிரிக்குக் குறையாத கோணத்தில் நிற்க வேண்டும், கையை மேல்நோக்கிக் கவ்வும்படி வளைந்திருக்கக்கூடாது, கிரிப்பின் எந்தப் பகுதியும் மணிக்கட்டுக்குத் தாங்கலாக இருக்கக்கூடாது.

இப்போது கண்மூடிச் சோதனை. பத்து முறை செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் பிஸ்டலைக் கீழே வைத்து, புதிதாகப் பிடித்து, உயர்த்தி, கண் திறந்து, முன் சைட் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்று தாளில் குறியுங்கள். பத்தில் எட்டு முறை ஒரே பக்கம் என்றால் தவறு கிரிப்பில். எட்டுத் திசையிலும் சிதறினால் நீங்கள் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி பிடிக்கிறீர்கள், மரத்தைத் தொடாதீர்கள், பிடியைப் பழகுங்கள்.

முன் சைட் பள்ளத்தில் தாழ்ந்தே நிற்கிறது என்றால், குழலின் வாய் சற்று உயரும்படி கிரிப்பின் கோணத்தை மாற்ற வேண்டும். இடது பக்கம் ஒதுங்கினால் குழல் வலப்பக்கம் திரும்பும்படி. இதற்கென்றே திருகுகள் பல மாடல்களில் உண்டு. கால் சுற்றுத் திருப்பி மீண்டும் பத்து முறை. திருகால் சரியாகாதது மரத்தில் சரியாகும். உள்ளங்கையில் கொஞ்சம் சாக்பீஸ் தூளைத் தடவிக்கொண்டு பிடித்துப் பாருங்கள். தூள் ஒட்டிய இடத்தில் கை அழுந்துகிறது, ஒட்டாத இடத்தில் இடைவெளி இருக்கிறது. அழுந்தும் இடத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கலாம். இடைவெளியை மரப் புட்டியால் நிரப்பி, காய்வதற்கு முன் கையை வைத்து அச்சு எடுக்கலாம்.

என் கிரிப்பில் கட்டைவிரலின் அடிச்சதை உட்காரும் இடத்தில் ஒரு மேடு இருந்தது. மேடு என்றால் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. விரலால் தடவினால்தான் தெரியும். அந்த மேட்டால் கை ஒவ்வொரு முறையும் மிக லேசாக இடப்பக்கம் திரும்பி உட்கார்ந்தது. நான் மணிக்கட்டைத் திருகி அதைச் சரிக்கட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன். களைப்பு வந்ததும் திருகல் நின்றுபோய் ஷாட்டுகள் இடப்பக்கம் போயின. உப்புத்தாளால் முப்பது தேய்ப்பு. அதோடு அந்தப் பிரச்சினை முடிந்தது. வாரத்துக்கு ஒரே ஒரு மாற்றம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாற்றினால் எது உதவியது என்று தெரியாமல் போகும்.

ட்ரிகர்

500 கிராம் என்பது விதி. சரியாக 500-இல் வைத்தால் பரிசோதனை மேசையில் தோற்கும் அபாயம் உண்டு. 510, 520 என்று சற்றுக் கூட்டி வையுங்கள். சோதிக்கும்போது குழலைச் செங்குத்தாக மேல்நோக்கிப் பிடித்து, எடைக்கட்டியை ட்ரிகரில் தொங்கவிட்டு மெல்லத் தூக்குவார்கள். ட்ரிகர் விடுபடாமல் கட்டி தரையை விட்டு எழ வேண்டும்.

டார்கெட் ட்ரிகரின் இழுப்பு இரண்டு கட்டம். முதல் கட்டத்தில் எடையின் பெரும்பகுதியை வாங்கிக்கொண்டு விரல் ஒரு சுவரில் முட்டும். அந்தச் சுவரைத் தாண்டுவது இரண்டாவது கட்டம். புதியவர்களுக்கு முதல் கட்டம் கனமாகவும் சுவர் தெளிவாகவும் இருக்கும்படி வைப்பது நல்லது. சுவரை உணர முடியாமல் சுட்டால் ஒவ்வொரு ஷாட்டும் பயமுறுத்தும்.

பிளேடை முன்பின் நகர்த்தி, ஆள்காட்டி விரலின் முதல் கணுவின் நடுச்சதை அதன் மேல் விழும்படி செய்யுங்கள். விரல் நுனி என்றால் குழலை ஒரு பக்கம் தள்ளும், மடிப்பு என்றால் மறுபக்கம் இழுக்கும். அழுத்தம் குழலின் நீள வாக்கில் நேராகப் பின்னோக்கிப் போக வேண்டும்.

சைட் ஏன் டார்கெட்டைவிட முக்கியம்

இந்தக் கணக்கை ஒருமுறை உங்கள் கையாலேயே போட்டுப் பாருங்கள். டார்கெட்டின் 10-ஆம் வளையம் 11.5 மில்லிமீட்டர் விட்டம். அதற்கு வெளியே ஒவ்வொரு வளையமும் பக்கத்துக்கு 8 மில்லிமீட்டர் அகலம். பெல்லட் 4.5 மில்லிமீட்டர், அதன் விளிம்பு கோட்டைத் தொட்டாலே உயர்ந்த மதிப்பெண். ஆக, பெல்லட்டின் மையம் டார்கெட்டின் மையத்திலிருந்து 8 மில்லிமீட்டருக்குள் விழுந்தால் 10.

சைட்டுகள் சரியாக வரிசையில் இருக்க, உங்கள் கை மட்டும் அப்படியே 8 மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்துவிட்டது என்று வைப்போம். பெல்லட்டும் 8 மில்லிமீட்டர்தான் விலகும். அது இன்னும் 10. இப்போது கை டார்கெட்டின் நடுவில் அசையாமல் நிற்கிறது, ஆனால் முன் சைட் பள்ளத்தில் 1 மில்லிமீட்டர் ஒதுங்கியிருக்கிறது. முன், பின் சைட்டுகளுக்கு இடையே தூரம் சுமார் 320 மில்லிமீட்டர். 10 மீட்டர் போய்ச் சேரும்போது அந்த 1 மில்லிமீட்டர் 31 மில்லிமீட்டராகப் பெருகியிருக்கும். ஸ்கோர் 7.

ஆகவே கண்ணின் கூர்மை முழுக்க முன் சைட்டின் மேல் இருக்க வேண்டும். டார்கெட் மங்கலான கறுப்புப் பொட்டாகத் தெரிந்தால் போதும். கை ஆடுவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், எல்லோருக்கும் ஆடும். கறுப்பு வட்டத்தின் நடுவில் குறி வைக்காமல், அதன் கீழே வெள்ளையில் ஒரு பகுதியைத் தேர்ந்துகொண்டு அங்கே நிறுத்துவதுதான் வழக்கம் (அப்படி நிறுத்தினாலும் பெல்லட் நடுவில் விழும்படி சைட்டைத் திருகி வைத்திருப்பார்கள்). கறுப்பின் மேல் கறுப்பு சைட் வந்தால் விளிம்பு தெரியாது, வெள்ளையில் கத்தி போலத் தெரியும். வட்டத்தின் அடியை முத்தமிடும்படி நிறுத்துபவர்களும் உண்டு. புதியவர்களுக்கு அது வேண்டாம் என்பேன். தொட்டும் தொடாமலும் நிறுத்தப் பார்த்துக் கண் டார்கெட்டுக்கு ஓடிவிடும்.

முன் சைட் தெளிவாகத் தெரியவில்லை என்றால் கண் மருத்துவரிடம் பிஸ்டல் நீட்டிய கையின் தூரத்தைச் சொல்லிக் கண்ணாடி கேளுங்கள். மற்றக் கண்ணை மூட வேண்டாம், முகத் தசை இறுகும். 30 மில்லிமீட்டருக்கு மிகாத ஒரு மறைப்பை அதன் முன்னால் வைக்க விதி அனுமதிக்கிறது.

நிற்பது

டார்கெட்டுக்கு ஏறக்குறையப் பக்கவாட்டில், கால்கள் தோள் அகலத்தில், எடை இரண்டு காலிலும் சமமாக. சுடாத கையைப் பாக்கெட்டிலோ பெல்ட்டிலோ வைத்துவிடுங்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கியின் யூசுஃப் டிகெச் ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டபடி கலப்பு அணியில் வெள்ளி வென்ற படம் உலகமெல்லாம் பரவியது. பலர் அதை ஸ்டைல் என்று நினைத்தார்கள். தொங்கும் கை ஊசலாடி உடம்பையும் ஆட்டும், கட்டி வைத்தால் ஆட்டாது. விஷயம் அவ்வளவுதான், எல்லாப் பிஸ்டல் வீரர்களும் செய்வது.

கண்மூடிச் சோதனையின் இரண்டாவது பாதி இங்கே. கண் திறக்கும்போது சைட்டுகள் வரிசையில் இருக்கின்றன, ஆனால் மொத்தமும் டார்கெட்டின் இடப்பக்கம் நிற்கிறதா? கையை வலப்பக்கம் இழுக்காதீர்கள். பின்காலைச் சற்று நகர்த்தி முழு உடம்பையும் திருப்புங்கள். கையால் இழுத்துச் சரிசெய்த ஷாட் ட்ரிகர் விடுபடும் கணத்தில் பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

ஒரு ஷாட்

பெல்லட்டைப் போட்டு மூடுங்கள். பிடியைச் சரிபாருங்கள். மூச்சை இழுத்தபடி கையை டார்கெட்டுக்குச் சற்று மேலே வரை உயர்த்துங்கள். மூச்சைப் பாதி விட்டபடி, கறுப்பு வட்டத்தைக் கடந்து கீழே உங்கள் பகுதிக்கு இறக்குங்கள். இறங்கும்போதே ட்ரிகரின் முதல் கட்டம் முடிந்து விரல் சுவரில் இருக்க வேண்டும். கண் முன் சைட்டுக்கு வருகிறது. விரல் மெல்ல அழுத்திக்கொண்டே இருக்கிறது. எந்தக் கணத்தில் விடுபடும் என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள். சைட்டுகள் வரிசையில் இருக்கும் வரை அழுத்தம் கூடிக்கொண்டே போகட்டும்.

நின்ற பிறகு ஐந்திலிருந்து எட்டு வினாடிக்குள் ஷாட் போக வேண்டும். போகவில்லை என்றால் கையை இறக்குங்கள். பத்து வினாடி தாண்டினால் கண் பழைய பிம்பத்தையே பார்த்துக்கொண்டிருக்கும், கை வேறெங்கோ போயிருக்கும். இறக்குவது தோல்வி இல்லை. நல்ல வீரர்கள் ஒரு போட்டியில் பலமுறை இறக்குகிறார்கள்.

ஷாட் போன பிறகும் இரண்டு வினாடி அப்படியே நில்லுங்கள். பெல்லட் 10 மீட்டரைக் கடக்க நூறில் ஏழு பங்கு வினாடி ஆகிறது, அதற்கு முன் குழலை விட்டு வெளியேறவும் நேரம் பிடிக்கிறது. அந்த இரண்டு வினாடியில் முன் சைட் எங்கே எழுந்து எங்கே உட்கார்ந்தது என்று பாருங்கள். ஸ்க்ரீனைப் பார்க்கும் முன் "இடப்பக்கம் 9" என்று மனசுக்குள் சொல்லிப் பாருங்கள். சொன்னதும் விழுந்ததும் ஒத்துப்போகும் நாளில் உங்களுக்கு முன் சைட் நிஜமாகவே தெரியத் தொடங்கிவிட்டது.

பெல்லட்டும் சைட் திருகலும்

தட்டைத் தலை பெல்லட் மட்டும். தாளில் வட்டமாகச் சுத்தமான ஓட்டை போடும். பிஸ்டலுக்குச் சுமார் அரை கிராம், அல்லது அதற்குச் சற்றுக் குறைந்த எடை போதும். தலை அளவில் 4.49, 4.50 என்று நுண்ணிய வித்தியாசங்கள் உண்டு. அதில் ஆராய்ச்சி செய்வதற்கான காலம் இதுவல்ல. ஒரு நல்ல வகையைத் தேர்ந்து அதிலேயே நில்லுங்கள். தகரத்தைக் குலுக்காதீர்கள், பெல்லட்டின் பாவாடை போன்ற பின்பகுதி நசுங்கும்.

சைட்டை ஒற்றை ஷாட்டுக்காக ஒருபோதும் திருகாதீர்கள். ஐந்து ஷாட் சுட்டு, நீங்களே கெட்டது என்று அறிந்ததை ஒதுக்கி, மீதியின் நடுவைப் பாருங்கள். ஷாட்டுகள் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின் சைட்டை நகர்த்துங்கள். அவை மேலே போக வேண்டும் என்றால் பின் சைட் உயர வேண்டும். ஒரு கிளிக் (சைட் திருகின் ஒரு சொடுக்கு) ஷாட்டை எத்தனை மில்லிமீட்டர் நகர்த்தும் என்பது மாடலுக்கு மாடல் மாறும். பத்துக் கிளிக் திருப்பி அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சுடாமல் சுடுவது

இன்றைய டார்கெட் பிஸ்டல்கள் அநேகமாக எல்லாவற்றிலும் டிரை ஃபயர் வசதி உண்டு. காற்றும் பெல்லட்டும் இல்லாமல் ட்ரிகர் மட்டும் இயங்கும். வீட்டில் பெல்லட் டப்பாவை வேறு அறையில் வைத்துவிட்டு, குழல் காலி என்று இருமுறை பார்த்துவிட்டு, வெற்று வெள்ளைச் சுவரை நோக்கி நில்லுங்கள். டார்கெட் வேண்டாம். வெள்ளையின் மேல் சைட்டுகள் மட்டும் தெரியும். விரல் ட்ரிகரின் இரண்டாவது கட்டத்தைத் தாண்டும் கணத்தில் முன் சைட் துடிக்கிறதா?

எனக்கு முதலில் அது ஒவ்வொரு முறையும் வலது கீழாகக் குதித்தது. ரேஞ்சில் பெல்லட்டின் சத்தத்தில் தெரியாத அந்தத் துடிப்பு வெள்ளைச் சுவரில் அப்பட்டமாகத் தெரிந்தது. தினமும் 15 நிமிடம், இருபது இருபத்தைந்து இழுப்பு. மூன்றாவது வாரத்தில் பத்தில் ஏழு முறை சைட் அசையாமல் நின்றது. ரேஞ்சுக்கு வாரம் இரண்டு நாள்தான் போக முடிகிறது என்று வருந்துபவர்கள் இதைச் செய்து பாருங்கள். என் ஸ்கோரில் ஏறியதில் பாதிக்கு மேல் அந்தச் சுவரிலிருந்து வந்தது.

ரேஞ்சிலும் முதல் இரண்டு வாரம் டார்கெட் தாளைத் திருப்பிப் போட்டு வெற்று வெள்ளைப் பக்கத்தில் சுடுங்கள். வளையம் இல்லாததால் மதிப்பெண் இல்லை, குரூப் (ஷாட்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுந்தன என்பது) மட்டுமே தெரியும். மூன்றாவது வாரம் கறுப்பு வட்டத்துக்கு வாருங்கள். எண்ணத் தொடங்குவது அதற்குப் பிறகு.

பராமரிப்பு

அதிகம் வேண்டியதில்லை. சில நூறு ஷாட்டுக்கு ஒருமுறை ஃபெல்ட் துண்டைக் குழலுக்குள் செலுத்தித் துடைக்கலாம். வெளியே வியர்வையைத் துணியால் துடையுங்கள், உப்பு உலோகத்தைத் தின்னும். உள்ளே கை வைக்காதீர்கள். கசிவு இருந்தால் பயிற்சி பெற்றவரிடம் கொடுங்கள்.

ஈயத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. பெல்லட் தொட்ட கையோடு சாப்பிடாதீர்கள், வாயில் பெல்லட்டை வைத்துக்கொள்ளும் பழக்கம் கூடவே கூடாது. சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் தண்ணீர் பாட்டிலைத் தொட வேண்டும். வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் ரேஞ்சுக்குப் போட்ட உடையைத் தனியாகத் துவையுங்கள்.

முதல் 60 ஷாட்

போட்டியில் முதலில் 15 நிமிடம் தயாரிப்புக்கும் பயிற்சி ஷாட்டுக்கும். பிறகு 60 ஷாட்டுக்கு 1 மணி 15 நிமிடம், எலக்ட்ரானிக் டார்கெட் என்றால். முன்பு பெண்களுக்கு 40 ஷாட்டாக இருந்தது, 2018 முதல் இருவருக்கும் 60. அதிகபட்சம் 600. சுடும் கையில் கடிகாரமோ வளையலோ பேண்டோ இருக்கக்கூடாது. ஷூ கணுக்காலை மறைக்கக்கூடாது. இதையெல்லாம் உபகரணப் பரிசோதனையில் பார்ப்பார்கள், நேரத்தோடு போய்விடுங்கள்.

பிஸ்டல் பழுதானால் என்ன செய்வது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்திய வீராங்கனை மனு பாக்கரின் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே பழுதானது. சரிசெய்வதில் நிமிடங்கள் கரைந்தன. 575 எடுத்து 12-ஆம் இடம், இறுதிச் சுற்று கைவிட்டுப் போனது. 2024 பாரிஸில் அதே போட்டியில் வெண்கலம் வென்றார். உங்களுக்கு அப்படி நேர்ந்தால் குழலை டார்கெட் பக்கமே வைத்துக்கொண்டு மற்றக் கையை உயர்த்தி ரேஞ்ச் அதிகாரியைக் கூப்பிடுங்கள். திருகுச்சாவிகள், ஒரு நிரப்பிய மாற்றுச் சிலிண்டர், எலக்ட்ரானிக் ட்ரிகர் என்றால் புது பேட்டரி, இவை பெட்டியில் இருக்கட்டும்.

75 நிமிடத்தில் 60 ஷாட் என்றால் ஒன்றுக்குச் சராசரியாக 75 வினாடி. தாராளம். பத்துப் பத்தாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு பத்துக்கும் இடையே பிஸ்டலை மேசையில் வைத்து, உட்கார்ந்து, கையை உதறி, கையில் ஈயம் இருப்பதால் தண்ணீர் பாட்டிலைத் தொடாமல் மூச்சு வாங்குங்கள். ஒரு 6 விழுந்தால் அடுத்ததை உடனே சுட்டுச் சரிக்கட்டத் தோன்றும். அப்போது பிஸ்டலைக் கீழே வையுங்கள். இடது கையால் எடுத்து, வலது கையின் வளைவில் ஆழமாகச் செருகி, நடுவிரலும் மோதிர விரலும் சுற்றி, கண்ணை மூடி ஒருமுறை உயர்த்திப் பாருங்கள். சைட்டுகள் வரிசையில் நின்றால் கையை இறக்கி, பெல்லட்டைப் போட்டு, அடுத்த ஷாட்டுக்கு உயர்த்துங்கள்.